கோல் வலைக்குப் பின்னால் பொருளியல்

அன்புள்ள அறைத்தோழிக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, என் கோல்கீப்பர் கையுறைகளை இனி பாத்திரம் கழுவப் பயன்படுத்துவதென்று முடிவெடுத்திருக்கிறேன். அம்மாவும் ஒப்புதல் அளித்துவிட்டார்.

இறுதி ஆட்டத்தன்றும் நீ வழக்கம்போல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்த வாரத் தேர்வுக்கான பொருளியலை எனக்கு வாசித்துக்கொண்டிருந்தாய். பந்து எதிர்க்கோடியில் கிடந்தது. நான் திரும்பி, "விலை நெகிழ்ச்சின்னா என்னடி?" என்றேன்.

"பந்தைப் பாருடி, எருமை!"

பார்த்தேன். வலைக்குள் நன்றாகவே தெரிந்தது.

நீதான் பேச்சுக் கொடுத்தாய் என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியும் கோல் கோலாகத்தான் இருந்தது. நீ அறை மாறிப் போனாய்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த என்னை அணியிலிருந்து நீக்கிவிட்டதால், இனி கல்லூரியிலும் இடம் கிடையாதாம்.

விலை நெகிழ்ச்சி தேர்வில் வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஹால் டிக்கெட் வரவில்லை.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கட்டில்காரி