பத்தடி முன்னால்

ஈப்போ, 14.6.2008

தேவாரம் ஊரிலிருக்கும் பொன்னாத்தாள் அக்காவுக்குத் தங்கை மகாலட்சுமியின் வணக்கம். உன் மூட்டுவலி குறைந்ததா? மார்மன் கிறிஸ்தவ சபை ஊழியத்துக்காக நாங்கள் மலேசியா வந்து எட்டு மாதமாகிறது. இருவரும் சுகம்.

ஊழியத்துக்கு வந்த கணவனும் மனைவியும் ஒருவரை விட்டு ஒருவர் விலகக் கூடாது என்பது சபை விதி. இவரோ நாற்பது வருஷமாக எனக்குப் பத்தடி முன்னால் நடந்தே பழகியவர். போன செவ்வாய் சந்தைக்கும் அப்படித்தான் போனார். நான் போய்ச் சேர்வதற்குள் சர்க்கரை இறங்கித் தரையில் கிடந்தார். பயப்பட ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் தமிழ் நர்ஸ், “பேரச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, முழிக்கிறாரான்னு பார்ப்போம்” என்றாள். “இந்தாங்க, இந்தாங்க” என்றேன். அசையவில்லை. பிறகு பெயரைச் சொன்னேன். கண்ணைத் திறந்து, “யாருடி அது, என் பேரச் சொல்றது?” என்றார்.

காபி, டீதான் எங்கள் சபையில் விலக்காயிற்றே. சுக்குமல்லிப் பொடி நீயே இடித்து அனுப்பு. நம்மூர் பேப்பரில் பொட்டலம் கட்டு; படிக்க ஆகும்.

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் வராமல் படி இறங்கமாட்டேன் என்கிறார்.

மகாலட்சுமி