பெருவிரல் சாய்கிற பக்கம்

ஜூன் 9

மகளுக்குக் கால் நகம் வெட்டும்போது பார்த்தேன். வலது பெருவிரல் பக்கத்து விரலை நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கிறது. அடியில் மூட்டு துருத்திக்கொண்டு, சிவந்து. ஆறு வயதுதான் ஆகிறது. "வலிக்குதாடா?" என்றேன். "கூசுதும்மா, விடு" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

என் அம்மாவின் கால் கண் முன்னால் வந்து நின்றது. பெருவிரல் ஆபரேஷனுக்குப் பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போன அம்மா. வேண்டாம். எழுதக்கூட வேண்டாம்.

ஜூன் 10

அவள் அப்பாவிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கால் மாதிரிதான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பயப்பட ஒண்ணும் கிடைக்கலன்னா, கடைக்குப் போய் வாங்கியாவது பயப்படுவ நீ" என்றார்.

இருக்கட்டும். விரல் சாய்ந்திருப்பது நிஜம்தானே?

ஜூன் 14

போனில் தேடிப் படித்தேன். புதிதாக முளைக்கிற எலும்பு இல்லையாம் அது. பாதத்து எலும்பு ஒரு பக்கம் விலக, விரல் எதிர்ப்பக்கம் சாய, நடுவில் மூட்டு புடைத்துத் தெரிகிறது. பாதத்தின் அமைப்பு குடும்பவழியாக வருமாம். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அம்மா. அப்புறம் நான் — என் இடது காலை யாருக்கும் காட்டுவதில்லை. இப்போது இவள். நல்ல சொத்து எழுதி வைத்திருக்கிறேன்.

செருப்பும் காரணம் என்று போட்டிருந்தது. அதைப் படிக்கவில்லை, அதுதான் எனக்குத் தெரியுமே. அம்மா எப்போதும் முன்பக்கம் விரிந்த, தொளதொளத்த செருப்புதான் போடுவாள். பிடிப்பில்லாமல் கால் பரந்துவிட்டது. அதனால்தான் இவளுக்குக் காலைக் கவ்விப் பிடிக்கிற ஷூவாகவே வாங்குகிறேன். கடைக்காரர் ஒரு சைஸ் கூட்டச் சொன்னாலும் கேட்பதில்லை.

இன்னும் இறுக்க வேண்டுமோ?

ஜூன் 17

லேஸை இழுத்துக் கட்டி அனுப்பினேன். சாயங்காலம் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, சாக்ஸோடு வேனிலிருந்து இறங்கினாள்.

ஜூன் 18

இன்றும் சாக்ஸோடுதான்.

ஜூன் 21

எலும்பு டாக்டரிடம் போனோம். அந்தம்மா காலைத் தொடுவதற்கு முன் ஷூவைக் கேட்டார். உள்ளே இருந்த அட்டையை உருவித் தரையில் போட்டு, "இதும்மேல ஏறி நில்லு கண்ணு" என்றார். பெருவிரலும் சுண்டுவிரலும் அட்டைக்கு வெளியே, தரையில்.

"இந்தக் கால் இதுக்குள்ள எப்படிம்மா போச்சு?"

மகள் சொன்னாள்: "அம்மா பிடிச்சுத் தள்ளுவாங்க."

சிவப்பு, ஷூ உரசியதால் வந்ததாம். மூட்டெல்லாம் தளர்வாக இருக்கிறது, அது பிறவியிலேயே வந்தது. "விரல் இன்னும் சாயுமான்னு இப்ப சொல்ல முடியாது. அமைப்பை மாத்த முடியாது, ஷூவை மாத்தலாம்ல? அப்பப்போ கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த அகலச் செருப்பால்தானே உனக்கு வந்தது என்றேன்.

"போடி. வேற எதுக்குள்ளயும் கால் போகலன்னுதான் அதையே வாங்கினேன். அதுக்கு முன்னாடி வேலைக்குக் கூர் மூக்கு ஷூதான்."

"நீ சொல்லவே இல்லையே."

"என் காலைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவ. எப்படி சொல்றது?"

ஜூன் 22

தள்ளினேன். தினமும் காலையில். அழுதாளா? ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதான் பயமா இருக்கு.

ஜூலை 6

புது ஷூ. முன்பக்கம் அகலம். இன்று ஷூ காலோடு ஓடி வந்தாள். விழுந்துவிடுவாளோ என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். விழவில்லை.

நகம் வெட்ட உட்கார்ந்தோம். விரல் அப்படியேதான் இருக்கிறது. கூடியதா குறைந்ததா, தெரியவில்லை. பயமும் அப்படியேதான். அவள் குனிந்து என் இடது காலைப் பார்த்துவிட்டாள்.

"உனக்கும் சாஞ்சிருக்கேம்மா. வலிக்குதா?"

காலை இழுத்துக்கொள்ளத்தான் போனேன். இழுக்கவில்லை.

"கொஞ்சம்" என்றேன்.