கீழத் தெரு பதினெட்டு வீடு

சத்தியவேடு
20-11-1960

வாத்தியார் சாமிக்கு கோவர்த்தனன் கும்பிட்டு எழுதினது. இங்கே நான், மாடு ரெண்டு, நாய் ஒண்ணு எல்லாரும் சுகமா கீறோம். திருப்பதியில நீங்களும் பெருந்தேவி அம்மாவும் சுகமா இருக்கணும்.

சாமி, பொங்கலுக்கு நீங்களும் நானும் பழவேற்காடு போறோம். முடியாதுன்னு சொல்லிடாதீங்க. கிருஷ்ணம்மாவும் சந்திரம்மாவும் அங்கே போய் ஆறு மாசம் ஆச்சு. நம்ம ஊரு ஆந்திராவுக்குப் போனதும் பள்ளிக்கூடத்தில தமிழ் வகுப்பை எடுத்துட்டாங்களே, பொண்ணு சந்திரம்மா தமிழ் டீச்சர், என்ன பண்ணுவா? மெட்ராஸ் பக்கம் எழுதிக் கேட்டா, பழவேற்காட்டில போட்டாங்க. வயசுப் பொண்ணைத் தனியா விடக்கூடாதுன்னு அம்மாக்காரியும் கூடப் போயிட்டா. நிலத்தை விட்டுட்டு நான் எங்கே போறது? நானே பொங்கி நானே துன்னுக்கினு கீறேன். நான் கிண்டின களியை நாய் மோந்து பார்த்துட்டுப் போயிடுது.

ஊரைத் திரும்ப மெட்ராஸோட சேர்க்கச் சொல்லி நீங்க எழுதிக் கொடுத்த மனுவுக்கு பதில் வந்துச்சு. ஐம்பத்தொண்ணாம் வருஷ ஜனக்கணக்கில நம்ம கீழத் தெரு பதினெட்டு வீடும் தெலுங்காம். அதை வெச்சுத்தான் ஊரு அந்தப் பக்கம் போச்சாம். எந்த மடையன் எழுதினானோ தெரியலை. கையில கிடைச்சா கேட்டுடுவேன்.

அங்கே மீன் வாடை அடிக்கும்னு பயப்படாதீங்க. உங்களுக்குன்னு புதுப் பானை, புதுக் கரண்டி வாங்கி வெச்சிருக்கிறாளாம் கிருஷ்ணம்மா. ஏரியில படகு விடுறாங்களாம். போயிட்டு வரலாம்.

கோவர்த்தனன்

*

திருப்பதி
1-12-1960

அன்பார்ந்த கோவர்த்தனனுக்கு,

க்ஷேமம். உமது கடிதம் கிடைத்தது. மார்கழி பிறந்தால் விடியற்காலையில் கோயிலில் திருப்பாவை கோஷ்டி, பகலில் பள்ளிக்கூடம் என்று எனக்கு ஒழிவே இருக்காது. வீட்டில் இவளுக்கும் முழங்கால் வலி. பொங்கலுக்கு வருவேன் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியவில்லை. நீர் போய் வாரும்.

மனு விஷயம் படித்து மனசு சரியில்லை. எழுதினவனை மடையன் என்றிருக்கிறீர். அவன் மடையன்தான்.

இப்படிக்கு,
வெங்கடராகவன்

*

சத்தியவேடு
12-12-1960

வாத்தியார் சாமிக்கு,

மார்கழி முடிஞ்சாத்தானே பொங்கல்? எனக்கே கணக்குச் சொல்லித் தர்றீங்களா? சரிதான் போங்க. அம்மாவுக்கு முழங்கால் வலின்னா உங்களுக்குமா வலி?

போகி அன்னிக்குக் காலையில பொன்னேரி பஸ் ஸ்டாண்டில இறங்குங்க. நான் அங்கே நிப்பேன். அங்கேயிருந்து பழவேற்காட்டுக்கு வேற பஸ். வாத்தியாரும் வர்றாருன்னு கிருஷ்ணம்மாவுக்கு எழுதிப் போட்டுட்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷமாம். ஊரை விட்டுப் போனதிலிருந்து நம்ம ஊரு முகம் ஒண்ணையும் பார்க்கலைன்னு எழுதியிருக்கிறா. என் முகத்தைக் கணக்கிலேயே சேர்க்கலை பாருங்க.

அவளை ஏமாத்திடாதீங்க சாமி.

கோவர்த்தனன்

*

திருப்பதி
27-12-1960

அன்பார்ந்த கோவர்த்தனனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உமது தெருவைத் தெலுங்கு என்று எழுதினவன் நான்தான்.

நான் உமது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது. ஜனக்கணக்கு எடுக்க வாத்தியார்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். நான் வந்தபோது நல்ல உச்சி வெயில். தெருமுனை வரைதான் வந்தேன். நாலு குழந்தைகள் "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டு யார் பின்னாலோ ஓடின. நான் திருப்பதி அக்ரகாரத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். தெலுங்குக்காரர் வீட்டில்தான் நைனா என்று நான் கேட்டிருக்கிறேன். தமிழ்க் குடியானவர் வீட்டிலும் நைனா உண்டு என்று எனக்கு அன்று தெரியாது. ஊர்க் கணக்கு எழுதும் கரணம் வீட்டு நிழலில் உட்கார்ந்து அவர் சொன்ன பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டேன். பாஷை என்ன என்று அவரையும் கேட்கவில்லை. பதினெட்டு வீட்டுக்கும் நானே தெலுங்கு என்று போட்டேன்.

மறு வருஷம் உமது வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்தேன். சந்திரம்மா அப்போது சின்னப் பெண். "நைனா, வாத்தியாருக்கு மோர் ஊத்து" என்றாள். இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு காகிதத்தில் இருக்கும் வார்த்தையால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பிற்பாடு நீர் மனு எழுதித் தரச் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. நல்ல தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, உமது கையால் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாசியில் மறுபடி ஜனக்கணக்கு. இங்கே என்னையும் போட்டிருக்கிறார்கள். போன வாரம் எங்களுக்கு வகுப்பு நடத்தின அதிகாரி, தாய்மொழியைக் கேட்டு எழுதுங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள் என்றார். குனிந்து அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உமது குடும்பத்தைப் பிரித்தவன் நான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பழவேற்காடு வருவேன்? நீர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வெங்கடராகவன்

*

சத்தியவேடு
4-1-1961

சாமிக்கு,

கடுதாசியை நாலு தரம் படிச்சேன். மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்துட்டேன்.

யாரோ ஒருவர் கவனக்குறைவால் செய்த பிழைன்னு மனுவில எழுதினீங்களே, அந்த வரி ரொம்ப நல்லா கீதுன்னு தெரு பூரா படிச்சுக் காட்டினேன். இப்போ அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. நைனான்னு கூப்பிட்டதுக்கு இவ்வளவா?

மன்னிச்சேன்னு எழுத மனசு வரலை. வராதீங்கன்னும் எழுத வரலை. உங்களை விட்டா எனக்கு யார் கீறாங்க கடுதாசி போட?

ஆனா என்கிட்ட சொன்னதோட தீராது. வீட்டை விட்டு யாரும் தெரியாத ஊர்ல கிடக்கிறது கிருஷ்ணம்மாதான். அவகிட்ட வந்து உங்க வாயால சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். அவ திட்டினா வாங்கிக்குங்க. அதுக்கு அப்புறம் நாம சிநேகிதமா இருக்கலாமா கூடாதான்னு பார்த்துக்கலாம்.

சொன்னபடி போகி அன்னிக்கு பொன்னேரியில நிப்பேன்.

கோவர்த்தனன்

*

சத்தியவேடு
19-1-1961

வாத்தியாருக்கு,

பொன்னேரியில மூணு பஸ்ஸை விட்டேன். நாலாவதுல நான் மட்டும் ஏறினேன்.

வாசல்லயே நின்னுக்கினு இருந்தா கிருஷ்ணம்மா. எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தா. "வாத்தியார் எங்கே?"ன்னு கேட்டா. உண்மையைச் சொல்லிடணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கினு போனேன். அவ முகத்தைப் பார்த்ததும், "அவருக்கு ஜுரம்"னு சொல்லிட்டேன். கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷத்தில அவகிட்ட நான் சொன்ன முதல் பொய் அது. பொங்கல் அன்னிக்கு அவ பரிமாறினதைத் தலையை நிமிர்த்தாம துன்னேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்போ புரிஞ்சுது. புரிஞ்சும் கோபம் போகலை.

படகுக்கும் போகலை. சந்திரம்மா கூப்பிட்டா, தலைவலின்னு படுத்துக்கினேன். அது ரெண்டாவது பொய்.

இனிமே எனக்குக் கடுதாசி போடாதீங்க. மனு கினு எழுதணும்னா வேற யாரையாவது பார்த்துக்கிறேன்.

இத்தோட சுக்கும் மிளகும் இடிச்சு ஒரு பொட்டலம் வருது. கிருஷ்ணம்மா கொடுத்தா. ரெண்டு வேளை தேன்ல குழைச்சுச் சாப்பிடணுமாம். உங்களுக்காக அங்கே அம்மன் கோயில்ல விளக்கு ஏத்திட்டு வந்தா. ஜுரம் விட்டதும் ஒரு கார்டு போடச் சொன்னா. அவ விலாசத்தைப் பொட்டலத்து மேல எழுதியிருக்கிறேன்.

போட்டுடுங்க. எனக்கு இல்லை, அவளுக்கு.

கோவர்த்தனன்