அக்கரை மதகு

இயேசு மரி சூசை துணை

பொசெழூர் கோட்டை மேடு,
1751 ஜூன், அருளப்பர் திருநாளுக்கு முந்தின செவ்வாய்

அன்புள்ள மகன் சிப்ரியானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எழுதுவது என்றால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஒசித் எழுதுகிறாள், லூயிபூர் கன்னியர் மடத்தில் அவளை இரண்டு வருடம் விட்டுவைத்ததற்கு இந்த எழுத்து ஒன்றுதான் மிச்சம், அடக்கம் அங்கேயே தங்கிவிட்டது. (அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் அண்ணா. அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, காட்டிக்கொடுத்துவிடாதே.) இங்கே மூன்று பேரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் நத்தாலியும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேரனும் அந்தத் தீவில் எப்படி இருக்கிறீர்கள் என்று வருகிற படகுக்காரனையெல்லாம் மறித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இருமல் நின்றது, முழங்கால் வலி நிற்கவில்லை. கோட்டையில் அளந்து கொடுக்கிற ராஜா வீட்டு மாவில் புழு நெளிகிறது. குழந்தைக்கு இரண்டு ஜோடி காலுறை பின்னி அனுப்புகிறேன், பெரிதாக இருந்தால் வைத்திரு, கால் வளரும்.

மூன்று கடிதத்திலும் நீ ஒரே கேள்வி கேட்டிருந்தாய், ஜூலையில் அன்னம்மாள் திருநாளுக்குப் படகு கொண்டுவந்தால் நாங்கள் உன்னோடு வந்துவிடுவோமா என்று. நான் எப்போதோ மூட்டை கட்டிவிட்டேன், அசையாமல் இருந்தது உன் அப்பாதான். இந்த மேட்டில் நின்றால் ஓடைக்கு அக்கரையில் நம் வயல் தெரிகிறது, அதுதான் காரணம். இக்கரை நம் பிரெஞ்சு ராஜாவுக்கு, அக்கரை இங்கிலீஷ் ராஜாவுக்கு, நடுவில் நீ தூண்டில் போட்ட அந்தச் சேற்று ஓடை இப்போது இரண்டு ராஜ்யத்துக்கு எல்லை. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு கூரைகூடக் கிடைக்கக்கூடாது என்று நம் பக்கத்தாரே ஊரைக் கொளுத்தி நம்மை இக்கரைக்கு ஓட்டியதை நீயும் கூட இருந்து பார்த்தாய். நீ நட்ட ஆப்பிள் மரம் ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் இந்த மே மாதம் பூத்தது. அது பூவா, யாரோ காயப்போட்ட துணியா என்று நானும் அப்பாவும் ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டோம். உனக்கு ஏழு வயதில் கடல், வயலைக் காக்க நாம் போட்ட மண்கரையை உடைத்துக்கொண்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கரை உடைந்தால் கல்யாணப் பந்தியிலிருந்தும் எழுந்து ஓடி வரவேண்டும் என்பது ஊர்க்கட்டு, அன்றைக்கு மாப்பிள்ளையே மண்வெட்டியோடு வந்தான். நீ வேடிக்கை பார்க்கிறேன் என்று சேற்றில் விழுந்து தொப்பி மட்டும் தெரிந்தது, அப்பா முடியைப் பிடித்து இழுத்தார். சாயங்காலம் கரையின் மேலேயே கோழிக் குழம்பு, பிடில் வாசிப்பு, சேறும் சகதியுமாக ஊரே ஆடியது. அந்த மாதிரி ஒரு நாள் இனி எனக்கு வாய்க்கப்போவதில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு கடல் பொங்கி ஏறிய பெரிய ஓதத்தில் நம் வயலில் தண்ணீர் மினுங்கியது. பனிக்கட்டி மோதி மதகுக் கதவு உடைந்திருக்கிறது என்று அப்பா இங்கிருந்தே சொல்லிவிட்டார். கடல் ஏறினால் தானே மூடி, வற்றினால் மழைத் தண்ணீரை வெளியே விடுகிற அந்த ஒற்றைப் பலகைதானே மூன்று தலைமுறையாக நமக்கு ரொட்டி போட்டது. உப்பு ஊறிவிட்டால் மூன்று வருடத்துக்கு அங்கே புல்லும் முளைக்காது. அப்பா நம் கோட்டைத் தளபதியிடம் போய் அனுமதி கேட்டார். அவரோ "உடையட்டுமேய்யா, அவன் குதிரை பட்டினி கெடக்கட்டும், நீ போய் அடைச்சேன்னா எதிரிக்கு ஒத்தாசை பண்ணினதா நிக்க வெச்சுச் சுட்டுடுவேன்" என்றாராம். அக்கரைக்குப் போனால் உளவாளி என்று இங்கிலீஷ்காரன் சுடுவான். அப்பா திரும்பி வந்து ஒரு வாரம் பலகை செதுக்கினார். என்ன என்று கேட்டால் பன்றிக்கொட்டிலுக்குக் கதவு என்றார், சரி என்று நானும் இருந்துவிட்டேன். நமக்குப் பன்றியே இல்லை என்பது எனக்கு உறைக்க மூன்று நாள் ஆனது.

போன வியாழக்கிழமை ஓதம் வற்றிய நேரம், முரசுச் சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தால் ஓடைக்கரையில் ஒரு கம்பத்தில் வெள்ளைத் துணி பறக்கிறது. உற்றுப் பார்த்தால் என் கல்யாணப் பாவாடை, நெருப்பிலிருந்து நான் காப்பாற்றி வந்த ஒரே நல்ல துணி. (கொடியில் காய்ந்தது கொடியாகவே பறந்தது, அப்பாவை யாரும் சுடக்கூடாது என்று நான் கட்டியதுதான், இதில் என் தப்பு என்ன?) இங்கிலீஷ் தளபதி, பிரெஞ்சுக்காரர்கள் பேச அழைக்கிறார்கள் என்று இறங்கி வந்தார். நம் தளபதி, அவர்கள்தான் அழைத்தார்கள் என்று இறங்கினார். வெள்ளைக் கொடியை நம்பி இதே ஓடைக்கு இறங்கிய ஓர் இங்கிலீஷ் அதிகாரி சுடப்பட்டுச் செத்து இன்னும் வருடம் ஆகவில்லை, அதனால் இரண்டு பக்கமும் இருபது இருபது துப்பாக்கி, எல்லார் விரலும் விசையில். நடுவில் மதகடியில், மார்பு வரை சேற்றில், உன் அப்பா. நான் அப்படியே உட்கார்ந்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன் மகனே.

துரைமார்கள் தொப்பியைக் கழற்றி வணங்கினார்கள். தாங்கள் முதலில் சொல்லுங்கள் என்றார் ஒருவர், அழைத்தது தாங்கள்தானே, தாங்களே முதலில் என்றார் மற்றவர். அப்புறம் அவர் ராஜாவின் சுகத்தை இவர் விசாரிக்க, இவர் ராஜாவின் சுகத்தை அவர் விசாரிக்க, நடுவில் டொக் டொக் என்று அப்பாவின் சுத்தியல். அந்த ஆள் யார் என்று இங்கிலீஷ்காரர் கேட்டார். தெரியாது என்றால் கௌரவக் குறைச்சல் அல்லவா, நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "நம்ம ஆளுதான், மதகு பாக்குறான்" என்று சொல்லிவிட்டார். அதற்குள் ஓதம் இரைந்துகொண்டு வந்தது, இரண்டு துரையும் அவசரமாக இன்னொரு வணக்கம் போட்டுவிட்டுப் பூட்ஸ் நிறையச் சேற்றோடு ஓடினார்கள். அப்பா கடைசியாக உடைந்த பழைய பலகையை இழுத்துக்கொண்டு கரையேறினார்.

மறுநாள் எங்கள் மூவரையும் கோட்டைக்குக் கூப்பிட்டார்கள். கொடி யாருடையது என்று தளபதி கேட்டார். இந்தக் கழுதை "எங்கம்மா பாவாடைங்கய்யா" என்றது. அவர் பாவம் என்ன செய்வார்? எதிரியோடு மரியாதையான பேச்சு நடத்தியதாகக் கியூபெக்கில் இருக்கும் கவர்னருக்கு அதற்குள் எழுதி அனுப்பிவிட்டாராம். "போங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து இவளை இரண்டு அறை அறைந்தேன். (மூன்று. பாவாடையில் கரைச் சேற்றின் கறை போகவில்லை என்று நேற்று நாலாவது.) அறைந்துவிட்டு நான்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓதம் ஏறியபோது அப்பா மேட்டில் போய் நின்றார், நானும் போனேன். கடல் கரையைத் தொட்டு நின்றது, வயல் ஒரு துளி நனையவில்லை. அந்தப் புல்லை இங்கிலீஷ்காரன் குதிரைதானே தின்னப்போகிறது என்றேன். "எவன் குதிரையோ தின்னட்டும், கடல் தின்னக் கூடாது" என்றார். புகைக்குழாய் அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு "போலாம் பிரிஜித், பையனை வரச்சொல்லி எழுது" என்றார்.

ஆகவே படகைக் கொண்டு வா. பழைய பலகையை அடுப்புக்குத் தரமாட்டேன் என்கிறார், தீவில் புதுக்கதவு செதுக்க அளவு வேண்டுமாம், எங்கள் மூட்டையில் அதுதான் பெரிய கனம். அங்கே எல்லாம் காடு, கோடரிதான் வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். ஐம்பத்து மூன்று வயதுவரை கடலிடமிருந்து நிலம் எடுத்தவர் மரம் வெட்டியா நிலம் எடுக்கப்போகிறார்? அதனால் புறப்படும் முன் உப்புப்புல் முளைத்த ஓடை ஏதாவது இருக்கிறதா என்று தேடு, குச்சி நட்டு ஓதம் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு வா. கிடைக்காவிட்டாலும் கிடைத்தது என்று அப்பாவிடம் சொல், முதலில் படகில் ஏறட்டும். படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட மறக்காதே. மாதா உன்னையும் நத்தாலியையும் குழந்தையையும் தன் முந்தானையில் முடிந்து வைத்துக் காக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா
பிரிஜித்
✝ (அவள் போட்ட குறி)

(அண்ணா, ஓடை விஷயத்தை அம்மா என் காதில்தான் சொன்னாள். அப்பா பலகைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், திரும்பக்கூட இல்லை. "ஓடை இல்லேன்னாலும் வர்றேன்னு எழுதுடி" என்றார்.)