லேபல் சுரண்டிய கேசட்டுகள்

திருவனந்தபுரம்
14 ஜூன் 2004

அன்புள்ள விஜின் அண்ணனுக்கு,

உங்கள் பழைய கூட்டாளி செல்வினின் மனைவி சுஜா எழுதுவது. கர்த்தருடைய கிருபை உங்களோடு இருப்பதாக. நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஷார்ஜாவுக்கு எத்தனையோ தடவை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் வெளியே போயிருப்பதாக உங்கள் அறைக்காரர் சொல்கிறார். அப்படி என்ன ஊர் சுற்றலோ! கடிதத்திடம் அப்படிச் சொல்லி அனுப்ப முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு வலது காது போன வருஷமே போய்விட்டது. பார்ட்டிகளில் டிஜேயாக சவுண்ட் பாக்ஸ் பக்கத்திலேயே நின்றதால் வந்த மந்தம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டோம். அது கட்டியாம்; இப்போது இடது காதுக்கு உள்ளேயும் கட்டி என்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் உயிர் நிற்கும், அந்தக் காது போய்விடும். செய்யாவிட்டால் கட்டி மூளையை நெருக்கும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷன் இந்த மாசம் தாண்டப்படாது கேட்டோ, என்றார்.

இந்த மனுஷன் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். காது போவதற்குள் கோவளம் பார்ட்டிக் கேசட்டுகளை ஒரு தடவை கேட்க வேண்டுமாம். நம் ஊரில் டெக்னோ மியூசிக் என்றால் என்னவென்று கேட்ட காலத்தில், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சிடிக்களை வைத்து நீங்கள் இருவரும் மாறி மாறிப் போட்டு, சவுண்ட் மிக்சரிலிருந்து வயர் இழுத்துப் பதிந்தவை. வேறு எங்கும் கிடைக்காது என்கிறார். கிடைக்காதுதான், எனக்கும் தெரியும்.

அந்தக் கேசட்டுகள் இப்போது இல்லை அண்ணா. எந்தப் பாட்டு, யாருடையது என்று மற்ற டிஜேக்கள் கண்டுபிடிக்கக் கூடாதென்று நீங்கள் இருவரும் லேபலைச் சுரண்டி எடுத்துவிடுவீர்களே. பிடிக்காததை அழித்துத் திரும்பப் பதிய வேண்டுமென்று ஓரத்துப் பிளாஸ்டிக்கையும் உடைக்காமல் வைத்திருந்தீர்கள். அவருடைய அப்பா, ராஜையன் மாமா, அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கிறார். ஒண்ணும் எழுதாத்த கேசட் காலி கேசட்தானே மக்களே, என்று பெட்டியோடு சர்ச்சுக்குக் கொண்டு கொடுத்துவிட்டார். கன்வென்ஷன் பிரசங்கம் முழுவதும் அதில்தான் பதிந்திருக்கிறது. பாவம், மாமா இப்போது மகன் முகத்தைப் பார்க்காமல் கொல்லைப்புறமாகவே வந்து போகிறார்.

சர்ச்சிலிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கி வந்து, ஹெட்போனை இடது காதில் வைத்துக் கேட்டவர் முதலில் சிரித்தார். பாஸ்டர் நல்ல பீட்டில் பேசுகிறார் என்றுகூடச் சொன்னார். பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்த பிறகு ஹெட்போனைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து சோறு முன்னால் வைத்தால் பிசைந்துகொண்டே இருக்கிறார். என் குரல் போதாதா உங்களுக்கு என்று அழுதேன். நீ எப்பவும் பேசிக்கிட்டுதானே இருக்கே, என்கிறார். கோபப்படவா, சிரிக்கவா, நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் சேர்ந்து போட்ட கடைசிப் பார்ட்டியின் கேசட் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் போட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் வயரைப் பிடுங்கியது அவர்தான். அத்தனை பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்தியதும் அவர்தான். அதில் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினீர்கள் என்றும் தெரியும். இப்போது அது மட்டும்தான் மிச்சம். ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள், காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அந்தக் கேசட்டைத் தூக்கி எறிந்திருந்தால், இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லீவு போட்டு நீங்கள் வாருங்கள். அவருக்கு வேண்டியது பாட்டு மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. தூக்கத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறார். என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. பரவாயில்லை, உயிரோடு இருந்து சொல்லாமல் இருக்கட்டும். நீங்கள் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினாலும் சரி. அதைக் கேட்டுவிட்டு அவர் கையெழுத்துப் போடட்டும்.

உங்களையும் உங்கள் வேலையையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. வந்தால் அவருக்கு இடது பக்கமாக வந்து கூப்பிடுங்கள் அண்ணா. வலது பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்கவில்லையே, இன்னும் கோபம்தான் போல என்று போய்விடாதீர்கள்.

உங்கள் தங்கை,
சுஜா செல்வின்