கீழ்வீட்டுக்கும் அதே டேங்க்தான்

என்னங்க,

எழுப்பினா மறுபடி சண்டைதான் வரும்னு எழுதி வச்சிட்டு ஆபீஸ் போறேன்.

"நூல் மாதிரி ஒழுகுது"ன்னு நேத்து சமையலறைக் குழாய் முனையில, தண்ணி சிக்கனமா வர்றதுக்கு மாட்டியிருந்த ஏரேட்டரைக் கழற்றி எறிஞ்சீங்க. அப்புறம் குழாயை முழுசாத் திறந்துவிட்டே பாத்திரம் எல்லாம் கழுவினீங்க. டேங்க் காலி.

விடிஞ்சதும் கீழ்வீட்டு பவித்ரா பச்சைக்குழந்தையோட வந்து, "அக்கா, பிள்ளையைக் கழுவக்கூடத் தண்ணி இல்லக்கா"ன்னு நின்னா. நம்ம குடிதண்ணிக் குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன். யாரால காலியாச்சுன்னு சொல்ல வாய் வரல.

ஏரேட்டரைத் திரும்ப மாட்டிட்டேன், கை வைக்காதீங்க. காவிரித் தண்ணி நாளைக்குத்தான். மத்தியானம் டேங்கர் லாரி வரும், டேங்க்ல தண்ணி விட மாடிச் சாவி ஆணியில இருக்கு. சித்ரான்னம் மூடி வச்சிருக்கேன், சாப்பிடுங்க.

நாகவேணி

பி.கு: பவித்ராகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொன்னா உங்களை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்.