மூன்று லேசர் மெஷினும் அப்பாவின் நீலக் கண்ணாடியும்

ஆலத்தியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு உன் அம்மா மேகலா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், போன வாரத்து மழையில் கிணற்றில் நாலு படி தண்ணீர் ஏறியிருக்கிறது, மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பு நோகாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அது போதும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்கு அம்மா பேப்பரும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். உன் போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதில் விழாமல் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடிகிறதா? எதிர்வீட்டு வீரமணியின் மகன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பா கன்றுக்குப் பூச்சி மருந்து வாங்க அரியலூர் போயிருக்கிறார், பஸ் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும், கோழிக்கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நீ என்னிடம் ரகசியமாகக் கேட்டாயே, அதற்குப் பதில்தான் இது. நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு அப்படியே மனப்பாடம். அப்பா ஆசைப்படும், வெளிச்சத்தாலேயே மரம் வெட்டும் லேசர் மெஷினை அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கித் தருகிறேன், ஆனால் போன ஐப்பசியில்தான் வலது கண்ணை ஆபரேஷன் செய்திருக்கிறோம், அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்திடம் அவரை விடலாமா, பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நீதான், நீ சரி என்றால் ஆர்டர் போடுகிறேன், வேண்டாம் என்றால் வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்றாய். இவ்வளவு பெரிய பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போனை வைத்துவிட்டாய். பாவம் உன் அப்பா, விஷயம் என் கையில் இருக்கிறது என்று தெரியாமல், எந்த மெஷின் நல்ல மெஷின் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஓடுகிற மின்விசிறியைக் கழற்றுவார், அரைக்கிற மிக்சியைக் கழற்றுவார், கேட்டால் சத்தம் சரியில்லை என்பார். நல்லதாக இருந்த கதவுத் தாழ்ப்பாளை மாற்றி, இரண்டு நாள் நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தோம். அந்த ஆளுக்குக் கைக்கு வேலை வேண்டும். யூடியூபில் யாரோ மரப்பலகையில் பல்சக்கரம் வெட்டி ஒன்றை ஒன்று சுற்றவைத்ததைப் பார்த்த நாளிலிருந்து முகமே மாறிவிட்டது. மரத்தில் ஒரு கடிகாரம் செய்து உனக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் மெஷின் வரட்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா ஒருதலையாகப் பேசினாள் என்று சொல்லாதே.

ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக வேலை பார்த்த மனுஷன் இல்லையா, வாயால் சொல்வதை நம்ப மாட்டார். ஒரே பலகையிலிருந்து ஒரே அளவில் துண்டுகள் அறுத்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு பல்சக்கரம் வெட்டச் சொல்லி, ஆணியில் மாட்டி ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வைத்த பரீட்சை. நானும் கூடவே போனேன், நீ கேட்ட பதிலுக்காக.

முதலில் பெரம்பலூரில் ராசாங்கத்தின் கடை. ஷீல்டும் பெயர்ப்பலகையும் செய்கிறவர், அப்பாவுக்குப் பழக்கம். அவரிடம் இருப்பது திறந்த மெஷின், நாலு கம்பி, நடுவில் ஓடுகிற ஒரு தலை, அவ்வளவுதான், சுற்றிலும் மூடி கிடையாது. அகலமான பலகைகூட வைக்கலாம், வேகமும் உண்டு. ஆனால் புகை முழுக்க என் புடவையில்தான், வீட்டுக்கு வந்து இரண்டு தண்ணீரில் அலசியும் வாசம் போகவில்லை. ஒரு சக்கரம் வெட்டி முடிந்தது. இரண்டாவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று உன் அப்பா போனார். ராசாங்கம் பச்சைக் கண்ணாடி ஒன்றை நீட்டி, “இதப் போட்டுக்கங்கண்ணே” என்றார். இவர் அதை வாங்கவில்லை. பையிலிருந்து எதை எடுத்தார் தெரியுமா, அவருடைய பழைய நீலக் கண்ணாடியை. உனக்கு ஞாபகம் இருக்கும், சிமெண்ட் ஆலையில் சூளைக்குள் எரியும் தீயைப் பார்க்க மரப்பிடி போட்டு ஒன்று வைத்திருப்பாரே, நீ சின்ன வயதில் அதை வைத்துச் சூரியனைப் பார்க்கப்போய் முதுகில் அடி வாங்கினாயே, அதேதான். “முப்பது வருசமா சூளைத் தீயவே பாத்த கண்ணாடி, இந்தத் தம்மாத்துண்டு மெஷின் என்னா பண்ணிடப் போவுது” என்று சொல்லிக் குனிந்தார். மெஷின் தலை நகர்ந்தது, வெளிச்சம் இன்னும் வரவில்லை, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் நான் வாய் ஓயாமல் திட்டுகிறவள், அன்றைக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டேன். அது தப்பான கண்ணாடி என்று அப்போது எனக்கும் தெரியாது, கொடுத்ததைப் போடாமல் வீம்பு பிடிக்கிறாரே என்ற எரிச்சல்தான். கரண்ட் வந்தும் மெஷின் விட்ட இடத்தை மறந்துவிட்டது, வேறு பலகையில் முதலிலிருந்து வெட்ட வேண்டியிருந்தது. அது வெட்டி முடிக்கிறவரை நான் அவரை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டேன். சக்கரம் இரண்டும் கொஞ்சம் தட்டித் தட்டித்தான் சுற்றின.

இன்னொன்று பெரம்பலூரிலேயே ஒரு கல்லூரியில் கண்காட்சி நடந்தபோது பார்த்தது. நீளமான கண்ணாடிக் குழாய் வைத்த பெரிய மெஷின், நம் பீரோவைப் படுக்கப் போட்ட அளவு இருக்கும், சூடு ஆறத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டு மட்டும் வெண்ணெயில் கத்தி வைத்த மாதிரி. சக்கரம் இரண்டும் எண்ணெய் விட்ட மாதிரி சுற்றின. உன் அப்பாவுக்கு அதன்மேல்தான் கண், பம்பு, குழாய், தண்ணீர் என்று கழற்றி மாட்ட நிறைய இருக்கிறதல்லவா. அதை வைக்க வேண்டுமானால் நான் மாட்டுக்கொட்டகையில் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், அதோடு அந்தப் பேச்சை விட்டார்.

கடைசியாகப் போனது வேப்பந்தட்டையில் செல்வம்மாள் டீச்சர் வீடு. பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவர், லீவு நாளில் மரப் பொம்மை வெட்டுகிறார். அவரிடம் இருப்பது மூடி போட்ட பெட்டி, நம் டிவி டப்பா அளவு. புகையைக் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடுகிறது, மூடியில் உள்ளே பார்க்க ஆரஞ்சு நிறக் கண்ணாடி, அதன் வழியாகப் பார்த்தால் கண் கூசவில்லை. இங்கேயும் இரண்டு சக்கரமும் நன்றாகவே சுற்றின. வெட்டும்போது நடுவில் மெயினை அணைத்துப் போட்டுக் காட்டினார், விட்ட இடத்திலிருந்து வெட்டட்டுமா என்று அதுவே கேட்கிறது. மூடியைக் கொஞ்சம் தூக்கினாலும் வெளிச்சம் நின்றுவிடுகிறது. உன் அப்பாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. “மூடியத் தொறந்தா நின்னு போறது ஒரு மெஷினா, தீயத் தீயாப் பாக்க வேணாமா” என்று மறுபடியும் அந்த நீலக் கண்ணாடியை எடுத்தார். டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார், “ஐயா, அது மஞ்சத் தீக்குச் செஞ்ச கண்ணாடிங்க, இது நீல வெளிச்சம், அதுக்குள்ள பூந்து வந்துடும்” என்று. சொன்னதோடு விடாமல், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை உள்ளே வைத்து ஓட்டினார். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இல்லை, அதற்குக் கீழே இருந்த பலகை கோடு கோடாகக் கருகியிருந்தது. உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றுவிட்டார். கிளம்பும்போது டீச்சர் என் பையில் ஒரு ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு திருப்பித் தாருங்கள் என்றார்.

பஸ்ஸில் பெரம்பலூர் வரைக்கும் அர்ச்சனைதான். தீயைப் பற்றித் தனக்கே பாடமா, சூளை முன்னால் நின்றவன் கண்ணாடியையே தப்பு என்பதா என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனதுக்குள் அப்போதே தீர்மானம் செய்துவிட்டேன், இந்த மனுஷனுக்கு மெஷின் வேண்டாம், சத்யாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நீ போன் செய்திருந்தால் அவர் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பரணிலிருந்து கார்த்திகைக்குப் போடும் சீரியல் லைட்டை இறக்கி, உள்அறை ஜன்னலைச் சாத்தி எரியவிட்டேன். இது டாக்டர் சோதனை இல்லை, எனக்குப் புரிகிற சோதனை. அவருடைய நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், மஞ்சள் பல்பு மங்கிவிட்டது, பச்சையும் மங்கிவிட்டது, நீல பல்பு மட்டும் தங்குதடையில்லாமல் பளிச்சென்று நிற்கிறது. டீச்சர் கொடுத்த ஆரஞ்சுக் கண்ணாடியில் பார்த்தால் நீல பல்பு எரிகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டேன். இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கால் மணி நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்தவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சும்மா நின்றார். எனக்குத் தாங்கவில்லை, ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன். “அன்னிக்கி கரண்ட் போவலன்னா...” என்றார். அடுத்த நாள் நானே அவரை அரியலூர் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்க் காட்டினேன், ஆபரேஷன் செய்த கண் நன்றாக இருக்கிறதாம், நீ கவலைப்படாதே.

அவர் குளிக்கப் போனபோது அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தேன், தப்புத்தான், இருந்தாலும் பார்த்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் நிறை, குறை என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். டீச்சர் வீட்டு மெஷினுக்குக் கீழே, மூடியைத் திறந்தால் நின்றுவிடுகிறது என்று குறை பக்கம் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதையே நிறை பக்கத்தில் முதல் வரியாக எழுதியிருந்தார்.

நேற்று யாரிடமும் சொல்லாமல் ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் வேப்பந்தட்டை போயிருக்கிறார். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டிருக்க மாட்டார், முருங்கைக்காயைக் கொடுத்திருப்பார். மதியம் திரும்பி வந்து நீலக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து வழக்கமான ஆணியில் மாட்டினார். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மரப்பிடியில் பொடி எழுத்தில், டீச்சர் வீட்டு மெஷினில் சுட்டு எழுதியிருந்தது: சூளைத் தீக்கு மட்டும், லேசருக்கு ஆகாது, இப்படிக்கு பாலசுந்தரம். மூன்று மெஷினும் பார்த்து அந்த மனுஷன் தனக்கென்று முதலில் செய்துகொண்ட வேலை இதுதான் சத்யா. அவருக்குக் கூடுதலாக இரண்டு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

அதனால் என் பதில் சரி என்பதுதான். மூடி போட்ட பெட்டியையே வாங்கு, கண்ணாடியை மட்டும் இரண்டாக வாங்கு, ஒன்று எனக்கு, கடிகாரம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்க்கப்போகிறேன். இந்தக் கடிதம் கிடைத்தது என்று மட்டும் போனில் வாயைத் திறந்துவிடாதே. கன்னுக்குட்டிக்கு என்ன பேர் வச்சீங்க என்று கேள், வந்து சேர்ந்தது என்று புரிந்துகொள்கிறேன். பஸ் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

உன் கடிகாரத்துக்கு இப்போதே சுவரில் இடம் பார்த்து வைக்கச் சொல்லும்,
உன் அம்மா
பா. மேகலா